வேர் வழியே காட்மியம், தூசி வழியே காரீயம்

கேள்வி: "தென்னைக்கு ஊடுபயிராக 3 ஏக்கரில் கோகோ வைத்து 12 வருடம் ஆகிறது. முன்பெல்லாம் ஈர விதையாகவே கொடுத்துவிடுவோம். இப்போது புளிக்க வைத்து, வீட்டு முன்னால் ரோட்டோரம் காயப்போட்டு, உலர் விதையாக விற்கிறோம். டவுனிலிருந்து வாங்கிய மக்கிய குப்பை உரமும் 2 வருடமாகப் போடுகிறோம். சாக்லேட்டில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக மகன் செல்போனில் செய்தி காட்டினான். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். பேத்திக்கு நம் தோட்டத்துக் கோகோவைத்தான் வறுத்துப் பொடித்து, தினமும் பாலில் கலந்து தருகிறோம். நம் விதையிலும் இது இருக்குமா? பேத்திக்குக் கொடுக்கலாமா? வியாபாரி இதைச் சொல்லி விலையைக் குறைப்பாரா?"

- ஆனைமலை வட்டார வாசகர் ஒருவர்

பதில்: கேட்க வேண்டிய கேள்விகள்தான். இதே கேள்விகளை ஈக்வடார், பெரு, கொலம்பியா நாட்டுக் கோகோ விவசாயிகள் 10 வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பட்ட அனுபவம் இங்கே உள்ளவர்களுக்கு உதவும்.

முதலில் ஒரு விளக்கம். செய்தியில் ஈயம் என்று வருவது காரீயம். வாகன பேட்டரியில் இருப்பது இதுதான். ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறார்களே, அது வெள்ளீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். குழப்பம் வராமல் இருக்க இந்தப் பதிலில் காரீயம் என்றே சொல்லப்படுகிறது.

செய்தி எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு, கடைகளில் விற்கும் 28 டார்க் சாக்லேட்டுகளை வாங்கிப் பரிசோதித்து, 2022 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. 28 சாக்லேட்டுகளிலும் காட்மியமும் காரீயமும் இருந்தன. அவற்றில் 23 சாக்லேட்டுகளை தினமும் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம், சாப்பிட்டால்கூட இரண்டில் ஏதாவது ஒரு உலோகம் அந்த அமைப்பு எடுத்துக்கொண்ட வரம்பைத் தாண்டும் என்று கணக்கிட்டார்கள்.

அந்த வரம்பு கலிபோர்னியா மாநிலத்துடையது. ஒரு நாளைக்குக் காட்மியம் 4.1 மைக்ரோகிராம், காரீயம் 0.5 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் 10 லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். உலகிலேயே மிகக் கடுமையான வரம்புகளில் இதுவும் ஒன்று. அதைத் தாண்டினால் உடனே நோய் வரும் என்று பொருள் இல்லை. அதே நேரம், தினமும் சாப்பிடுகிறவர்கள், அதிலும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும், அலட்சியமாக இருக்கக்கூடிய விஷயமும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு முன்பே சட்டம் போட்டுவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் அங்கே விற்கும் சாக்லேட்டுகளுக்குக் காட்மிய வரம்பு உண்டு. ஒரு கிலோவுக்கு, கோகோ 50 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் உள்ள சாக்லேட்டில் 0.80 மில்லிகிராம், கோகோ 30 சதவிகிதத்துக்குக் குறைவான பால் சாக்லேட்டில் 0.10 மில்லிகிராம், நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் கோகோ பொடியில் 0.60 மில்லிகிராம். கோகோ எவ்வளவு அதிகமோ அவ்வளவு காட்மியம் வரும் என்பதால்தான் இப்படி வகை பிரித்திருக்கிறார்கள்.

இரண்டு உலோகம், இரண்டு வழி

செய்திகளில் காட்மியத்தையும் காரீயத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். தோட்டத்தில் இரண்டும் வரும் வழி வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாக மரத்துக்குள் போகிறது. இலைக்கும் காய்க்கும் போய், விதையின் பருப்புக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. கழுவினாலும் வறுத்தாலும் அரைத்தாலும் போகாது.

காரீயம் அப்படி இல்லை. கோகோ மரம் அதை வேர் வழியாக விதைக்கு அனுப்புவது மிகக் குறைவு. நைஜீரியாவில் தோட்டங்களிலிருந்து எடுத்த கோகோ விதைகளை ஆராய்ந்து, 2005-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஓட்டை நீக்கிய விதையில் காரீயம் சராசரியாக 100 கோடியில் அரைப் பங்குதான் இருந்தது. இயற்கை உணவுப் பொருட்களிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று அது. ஆனால் கடைக்கு வந்த சாக்லேட்டிலும் பொடியிலும் அதைவிடப் பல மடங்கு இருந்தது. ஆக, காரீயம் மரத்தில் வரவில்லை. காயைப் பறித்த பிறகுதான் சேர்கிறது.

கலிபோர்னியாவில் சாக்லேட் நிறுவனங்களுக்கும் ஒரு தன்னார்வ அமைப்புக்கும் 2018-ல் ஏற்பட்ட சமரசத்தின்படி நிபுணர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2022-ல் அந்தக் குழு தந்த அறிக்கையும் இதையே சொல்கிறது. காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாகவும், காரீயம் பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகு மண், தூசி படுவதாலும் வருகிறது. ஈர விதையில் சளி போன்ற இனிப்புச் சதை ஒட்டியிருக்கும். அது காய்கிற வரை பசை மாதிரிதான். பறந்து வரும் தூசி அத்தனையும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஈக்வடார் மண் சொல்லும் பாடம்

கோகோ காட்மியம் அதிகம் உள்ள பகுதி தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும்தான். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் தரும் ஐவரி கோஸ்ட், கானா நாட்டு விதைகளில் பொதுவாகக் குறைவு. அங்கே மண் மிகப் பழையது. மழையில் கரைந்து கரைந்து சத்தெல்லாம் போனதுபோலக் காட்மியமும் குறைந்துவிட்டது. ஆண்டிஸ் மலையிலிருந்து வந்து படிந்த மண் இளைய மண். அதில் காட்மியம் இயற்கையாகவே கூடுதல்.

ஈக்வடாரில் நாடு முழுவதும் 159 தோட்டங்களில் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. விதையில் காட்மியம் சராசரியாகக் கிலோவுக்கு 0.90 மில்லிகிராம். நூற்றுக்கு 45 மாதிரிகளில் 0.60-ஐத் தாண்டியிருந்தது. அந்தத் தோட்டங்களின் மண்ணில் இருந்த காட்மியமோ சராசரியாகக் கிலோவுக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. அதாவது அது மாசுபட்ட மண்ணே அல்ல. மண்ணில் கொஞ்சம் இருந்தாலும் இழுத்துச் சேர்த்து வைக்கும் குணம் கோகோ மரத்துக்கு உண்டு என்பதுதான் இதில் விவசாயி தெரிந்துகொள்ள வேண்டியது.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஒரே அளவு காட்மியம் இருந்தாலும், புளிப்பு மண்ணில் வேர் அதிகமாக எடுக்கிறது. மண்ணின் கார அமில நிலை உயர உயர எடுப்பது குறைகிறது. மண்ணில் மக்கு அதிகமாக இருந்தாலும் குறைகிறது. இந்த இரண்டும் விவசாயி கையில் இருப்பவை.

உடம்பில் என்ன செய்யும்?

காட்மியம் உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தில் தங்கும். அங்கிருந்து பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும். அதனால் ஒருநாள் சாப்பிட்டது பெரிதல்ல. வருடக்கணக்கில் சேர்வதுதான் கெடுதல். சிறுநீரகம் கெடும், எலும்பு பலமிழக்கும். புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலிலும் காட்மியம் இருக்கிறது.

ஜப்பானில் தொயாமா பகுதியில் இது நடந்தே இருக்கிறது. மேலே சுரங்கத்திலிருந்து கழிவு ஜின்சு ஆற்றில் கலந்தது. அந்த ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த வயலில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்புகள் நொறுங்கின. பல பிள்ளை பெற்ற, வயதான பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அவர்கள் அழுத வார்த்தையே நோயின் பெயராயிற்று: இதாய் இதாய், 'வலிக்குது, வலிக்குது' என்று பொருள். 1968-ல் ஜப்பான் அரசு இதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. கோகோவில் இருக்கும் அளவு அதோடு ஒப்பிடக்கூடியது அல்ல. ஆனாலும் வயலில் சேர்ந்த உலோகம் சோற்றுத் தட்டுக்கு வரும் என்பதற்கு அதுதான் சாட்சி.

காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு காரீயத்துக்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

மண்ணில் கவனிக்க வேண்டியவை

முதல் வேலை மண் பரிசோதனை. கார அமில நிலை, அங்ககக் கரிமம், மணிச்சத்து, துத்தநாகம் ஆகிய நான்கையும் வழக்கமான மண் பரிசோதனை நிலையத்திலேயே பார்த்துவிடலாம். காட்மியமும் காரீயமும் பார்க்கத் தனிக் கருவி உள்ள ஆய்வகம் வேண்டும். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகமா, அந்த அங்கீகாரம் கன உலோகப் பரிசோதனைக்கும் சேர்த்தா என்று கேட்டுக்கொண்டு கொடுப்பது நல்லது. தோட்டம் முழுக்க ஒரே மண்ணாக இருந்தால் ஒரு கலப்பு மாதிரி போதும். 10, 15 மரங்களின் பாத்தியிலிருந்து அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்து, அரை கிலோ அனுப்பலாம். துருப்பிடித்த மண்வெட்டி, துத்தநாகம் பூசிய தகர வாளி வேண்டாம். மரக்குச்சியும் பிளாஸ்டிக் வாளியும் போதும்.

மண் புளிப்பாக இருந்தால், பரிசோதனை முடிவில் சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ இடலாம். கார அமில நிலை 6.5-ஐ ஒட்டி இருந்தால் கோகோவுக்கும் நல்லது, காட்மியமும் அடங்கும். சுண்ணாம்பு தானாக ஆழத்துக்கு இறங்காது. பாத்தியில் தூவி, வேர் அறுபடாமல் லேசாகக் கொத்திவிட வேண்டும். யூரியா, அம்மோனியா உரங்களைச் சுண்ணாம்போடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து காற்றில் போய்விடும். ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்துள்ள காரமண்ணாக இருந்தால் சுண்ணாம்பு தேவையே இல்லை. போட்டால் இரும்பு, துத்தநாகக் குறைபாடுதான் வரும்.

துத்தநாகமும் காட்மியமும் குணத்தில் அண்ணன் தம்பி மாதிரி. வேர் இரண்டையும் ஒரே வாசல் வழியாகத்தான் எடுக்கிறது. மண்ணில் துத்தநாகம் குறைந்தால் அந்த இடத்தில் காட்மியம் நுழையும். தமிழ்நாட்டு மண்ணில் துத்தநாகக் குறைபாடு பரவலாக உண்டு. பரிசோதனையில் குறைவு என்று வந்தால் துத்தநாக சல்பேட் இடுவது மகசூலுக்கும் உதவும், இதற்கும் உதவும்.

குப்பை உரம்: ஒரு கணக்கு

வாசகர் டவுன் குப்பை உரம் போடுவதாக எழுதியிருக்கிறார். மக்கு உரம் மண்ணுக்கு நல்லதுதான். எந்த மக்கு உரம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டுக் கழிவோடு பேட்டரி, பெயின்ட் டப்பா, பிளாஸ்டிக், எலெக்ட்ரானிக் சாமான் எல்லாம் கலந்து மக்கியிருந்தால் உலோகமும் சேர்ந்தே வரும்.

இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, நகரக் குப்பை உரத்தில் காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேலும், காரீயம் 100 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக்கூடாது. அந்த உச்ச அளவில் உள்ள உரத்தை மரத்துக்கு வருடம் 10 கிலோ போட்டால், காட்மியம் மட்டும் 50 மில்லிகிராம் போகும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வரை, அரை அடி ஆழத்தில் இருக்கும் மண் சுமார் 600 கிலோ. ஒரு கிலோ மண்ணுக்கு வருடம் 0.08 மில்லிகிராம் கூடுகிறது. 5 வருடத்தில் 0.4 மில்லிகிராம். ஈக்வடார் தோட்டங்களின் மண்ணில் இயற்கையாக இருந்த அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

சட்டத்துக்கு உட்பட்ட உரத்தின் கணக்கு இது. எல்லா உரமும் உச்ச அளவில் இருக்காது. ஆனால் பரிசோதனை அறிக்கை இல்லாத உரத்தில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் விற்பவரிடம் கன உலோகப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குவது விவசாயியின் உரிமை. தர மறுத்தால், கோகோ தோட்டத்துக்கு அந்த உரம் வேண்டாம். சொந்த மாட்டின் எருவும் தோட்டத்துத் தென்னை மட்டையும் மக்கினால் அந்தப் பயம் இல்லை. சாக்கடைக் கசடு, சாயக்கழிவு, ஆலைச் சாம்பல் ஆகியவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். டயர், பழைய ஒயர், பெயின்ட் அடித்த மரம் எரித்த சாம்பலையும் பாத்தியில் கொட்டக்கூடாது.

ரசாயன உரத்தில் காட்மியம் வருமா என்றும் சிலர் கேட்பதுண்டு. பாஸ்பேட் பாறையில் காட்மியம் இருப்பதால் மணிச்சத்து உரத்தில் கொஞ்சம் வரும். ஐரோப்பாவில் ஒரு கிலோ மணிச்சத்துக்கு 60 மில்லிகிராம் என்று 2022 முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள். காய்க்கும் கோகோ மரத்துக்கு வருடத்துக்குப் பரிந்துரை 100 கிராம் தழைச்சத்து, 40 கிராம் மணிச்சத்து, 140 கிராம் சாம்பல் சத்து. அந்த ஐரோப்பிய உச்ச அளவு உரத்தைப் போட்டாலும் 40 கிராம் மணிச்சத்தில் போவது 2.4 மில்லிகிராம்தான். மேலே சொன்ன 50 மில்லிகிராமோடு ஒப்பிட்டால் பெரிதல்ல. 40 கிராமுக்கு 250 கிராம் சூப்பர் பாஸ்பேட் போதும். மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே அதிகம் என்று பரிசோதனையில் வந்தால் அதையும் குறைக்கலாம். காசும் மிச்சம்.

கவாத்துக் கழிவையும் காய் ஓட்டையும் மூடாக்காகப் போடுவது நல்ல பழக்கம். மண்ணில் காட்மியம் அதிகம் என்று தெரிந்தால் மட்டும் இதை மாற்ற வேண்டும். இலையில் ஏறிய காட்மியம் உதிர்ந்து மீண்டும் மேல்மண்ணுக்கே வரும் என்பதால், அப்படிப்பட்ட தோட்டத்தில் கவாத்துக் கழிவை வெளியே எடுத்துவிடுவது நல்லது.

களத்தில் கவனிக்க வேண்டியவை

காட்மியத்தைக் குறைக்க வருடங்கள் ஆகும். காரீயத்தை அடுத்த அறுவடையிலேயே தடுக்கலாம். செலவும் குறைவு.

வாசகர் ரோட்டோரம் காயவைப்பதை முதலில் நிறுத்த வேண்டும். பெட்ரோலில் காரீயம் கலப்பது இந்தியாவில் 2000-ல் நின்றுவிட்டது. ஆனால் அதற்கு முன் பல வருடம் வண்டிப் புகையில் வந்தது ரோட்டோர மண்ணிலேயே இருக்கிறது. காரீயம் மக்கிப் போகிற பொருள் அல்ல. ஒவ்வொரு லாரி போகும்போதும் அந்தத் தூசி கிளம்பி ஈர விதையில் ஒட்டும்.

செய்ய வேண்டியவை இவைதான்:

- காயை மண் தரையில் போட்டு உடைக்காமல், பாயோ தார்ப்பாயோ விரித்து உடைக்கலாம். விதை தரையில் விழக்கூடாது.

- சுத்தமான மரப்பெட்டியில், வாழை இலையால் மூடிப் புளிக்க வைக்கலாம். 6 நாள் வேண்டும். 3-ம் நாளும் 5-ம் நாளும் கிளறிவிட வேண்டும். பெயின்ட் அடித்த பழைய பலகையில் பெட்டி செய்யக்கூடாது.

- தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் மூங்கில் தட்டியிலோ வலையிலோ காயவைக்கலாம். ரோட்டிலிருந்து தள்ளி, வீட்டின் பின்புறமோ தோட்டத்துக்குள்ளோ இருந்தால் நல்லது. பாலித்தீன் கூடார உலர்த்தி இருந்தால் மழைக்கும் கவலை இல்லை, தூசிக்கும் கவலை இல்லை.

- முதல் 2 நாள்தான் முக்கியம். சதை ஈரமாக இருக்கும் அந்த நேரத்தில்தான் தூசி அதிகம் ஒட்டும். இடவசதி குறைவாக இருந்தால், அந்த 2 நாளுக்காவது தட்டி மேல் இருக்கட்டும்.

- ஈரப்பதம் 6 முதல் 7 சதவிகிதம் வரை காய்ந்ததும் புதுச் சாக்கில் கட்டலாம். உரச் சாக்கு, பூச்சிமருந்து வைத்த அறை இரண்டும் கூடாது.

இதில் எதுவும் புதிய தொழில்நுட்பம் இல்லை. தரமான உலர் விதைக்கு எப்போதும் சொல்லப்படுபவைதான். பூஞ்சணம் வராது, வாடை ஏறாது, எடையும் நிற்கும். காரீயம் குறைவது இதோடு சேர்ந்து கிடைக்கும் பலன்.

பேத்திக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், தினமும் வேண்டாம். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2009-ல் சொன்னபடி, ஒருவர் ஒரு வாரத்தில் தம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.5 மைக்ரோகிராம் காட்மியம் வரை உட்கொள்ளலாம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 37.5 மைக்ரோகிராம். காட்மியம் கிலோவுக்கு 0.60 மில்லிகிராம் உள்ள பொடி என்று வைத்துக்கொண்டால், தினமும் 5 கிராம் பொடியில் 3 மைக்ரோகிராம், வாரத்துக்கு 21. கோகோ ஒன்றிலேயே பாதிக்கு மேல் ஆகிவிடும். அரிசி, கோதுமை, கீரை, கிழங்கு என்று மற்ற உணவிலும் கொஞ்சம் கொஞ்சம் வரும். பெரியவர்களுக்கு எடை அதிகம் என்பதால் அதே அளவு பெரிதாகத் தெரியாது. சிறு உடம்புக்குத்தான் கூடிப் போகும். ஆகவே மண், விதைப் பரிசோதனை முடிவு கையில் வரும்வரை வாரத்துக்கு 2 நாள் போதும்.

வீட்டில் வறுத்த பிறகு, விதையின் மேல் தோலை ஒன்று விடாமல் உரித்து, முறத்தில் நன்றாகப் புடைத்துவிட வேண்டும். காரீயம் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் இருக்கும். பொடி கூடட்டும் என்று தோலையும் சேர்த்து அரைப்பது தவறு. ரோட்டோரம் காய்ந்த பழைய விதையைக் குழந்தைக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

இன்னொன்று. உடம்பில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்தால், குடல் காட்மியத்தையும் காரீயத்தையும் அதிகமாக உறிஞ்சும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால் ஆகியவை தவறாமல் சாப்பிடும் குழந்தைக்குப் பாதுகாப்பு அதிகம். அதோடு, வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். புகையிலைச் செடியும் காட்மியத்தை இழுத்து இலையில் சேர்க்கும். புகை வழியாகப் போவது சாப்பாட்டில் போவதைவிட வேகமாக உடம்பில் சேரும். பேத்தியின் டம்ளரைப் பார்த்துக் கவலைப்படும் தாத்தாவின் சட்டைப் பையில் பீடிக்கட்டு இருந்தால், முதலில் அதைத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

விலை குறையுமா?

மேலே சொன்ன ஐரோப்பிய வரம்பு, கடைக்கு வரும் சாக்லேட்டுக்கும் பொடிக்கும் உரியது. தோட்டத்து விதைக்கு நேரடியாக அப்படி வரம்பு இல்லை. ஏற்றுமதிக்கு வாங்கும் நிறுவனங்கள் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தங்கள் வரம்பை வைத்துக்கொள்கின்றன. உதாரணமாக, 70 சதவிகிதக் கோகோ உள்ள சாக்லேட் 0.80-க்குள் இருக்க வேண்டுமானால் விதையில் சுமார் 1.1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பொடி செய்பவர்கள் இன்னும் குறைவாகக் கேட்பார்கள். விதையில் பாதி கொழுப்பு. அதைப் பிழிந்து எடுத்தால் காட்மியம் பொடியிலேயே தங்கிவிடும்.

ஆகவே, 'உங்கள் விதையில் காட்மியம்' என்று சொல்லி யாராவது விலையைக் குறைத்தால், எந்த ஆய்வகம், எவ்வளவு அளவு, எந்த வரம்பு என்று மூன்று கேள்வி கேட்கலாம். எழுத்தில் பதில் இல்லாவிட்டால் அது வெறும் பேரம்தான். நியூயார்க் சந்தையில் 2024 டிசம்பரில் கோகோ டன் 12,000 டாலரைத் தாண்டி, பிறகு இறங்கியது. விலை இறங்கும் காலத்தில்தான் தரத்தைக் காரணம் காட்டிக் கழிப்பார்கள். மண் பரிசோதனை அறிக்கை, உரம் வாங்கிய ரசீது, எந்தத் தேதி விதை எங்கே காய்ந்தது என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் வைத்திருப்பவரிடம் பேரம் பேசுவது கடினம். நாலைந்து விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டு மாதிரி கொடுத்தால் பரிசோதனைச் செலவும் பங்காகும். பக்கத்துத் தோட்டத்து ரோட்டோர விதையும் தட்டியில் காய்ந்த விதையும் ஒரே சாக்கில் கலக்காமல் இருந்தால்தான் அதற்குப் பலன்.

---

கேள்வி: "கருங்காய் அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை அடிக்கிறோம். செம்பும் கன உலோகம்தானே? அது விதைக்குள் போகாதா?"

- கேரள எல்லையோர வாசகர் ஒருவர்

பதில்: செம்பு, பயிருக்கும் மனிதருக்கும் சிறிய அளவில் தேவைப்படும் சத்து. காட்மியமும் காரீயமும் யாருக்கும் எந்த அளவிலும் தேவைப்படாதவை. போர்டோ கலவை காயின் மேல் ஓட்டில் படிகிறது; அந்த ஓட்டை யாரும் சாப்பிடுவதில்லை. எனவே, 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்ற ஒரு சதவிகிதக் கலவையை மழைக்காலத்தில் தேவைக்கு அடிப்பதில் பயம் இல்லை. ஆனால் செம்பும் மண்ணிலிருந்து மறைந்துபோகாது. வருடக்கணக்கில் தேவைக்கு மேல் அடித்தால் மண்புழுவும் நுண்ணுயிரும் குறையும். நோய் வந்த காய்களை அவ்வப்போது பறித்துத் தோட்டத்துக்கு வெளியே அழிப்பது, கிளைகளைக் கவாத்து செய்து காற்றும் வெளிச்சமும் வர விடுவது இரண்டையும் செய்தாலே மருந்துத் தேவை குறையும்.

கேள்வி: "கோகோ இன்னும் வைக்கவில்லை. தென்னந்தோப்பில் புதிதாக வைக்கலாம் என்று இருக்கிறோம். இந்தச் செய்தியைப் பார்த்தபின் வைக்கலாமா, வேண்டாமா?"

- உடுமலைப்பேட்டை பகுதி வாசகர் ஒருவர்

பதில்: வைக்கலாம். கன்றுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மண்ணைப் பரிசோதித்துவிட வேண்டும். காட்மியத்தைப் பொறுத்தவரை மரம் வைத்த பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான். வைப்பதற்கு முன் செய்யக்கூடியது நிறைய. அந்தத் தோப்பில் முன்பு ஆலைக் கழிவுநீர் பாய்ந்ததா, குப்பை கொட்டினார்களா, பக்கத்தில் பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரிக்கலாம். அப்படி எதுவும் இல்லாமல், மண் புளிப்பும் இல்லாமல் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. கன்றுகளை அரசு அல்லது வேளாண் பல்கலைக்கழக நாற்றங்காலிலிருந்து ஒட்டுக்கன்றுகளாக வாங்குவது நல்லது. காயவைக்கும் தட்டிக்கு நிழல் விழாத, ரோடு இல்லாத ஓர் இடத்தைக் கன்று நடும்போதே ஒதுக்கிவிட வேண்டும். காய் வந்த பிறகு இடம் தேடினால், கடைசியில் ரோட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.